வீட்டை மாற்றிக்கொண்டு ஊரைப் பார்ப்போம்

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் 'விடுமுறையும் நம் குடும்பங்களும்' என்ற தலைப்பில் பத்து காஜாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. வார இறுதி வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



என் ஊர் பேராக் மாநிலத்தில் உள்ள பத்து காஜா. எங்கள் ஊரைப் பார்க்கப் பேருந்து பேருந்தாக ஆட்கள் வருகிறார்கள். வந்து என்ன பார்க்கிறார்கள்? கெல்லி கோட்டையைப் பார்க்கிறார்கள். ஒரு மணி நேரம் சுற்றுவார்கள், படம் பிடிப்பார்கள், மீண்டும் பேருந்தில் ஏறிவிடுவார்கள். பத்து காஜா பட்டணத்தில் அவர்கள் கால் படுவதே இல்லை.

அந்தக் கோட்டையின் கதை உங்களுக்குத் தெரியும். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915-ஆம் ஆண்டில் அந்தப் பெரிய மாளிகையைக் கட்டத் தொடங்கினார். தமிழகத்திலிருந்து வந்த நம் மக்கள்தாம் அங்கே வேலை செய்தார்கள். 1926-இல் அவர் லிஸ்பன் நகரில் இறந்து போனார். வேலை அப்படியே நின்றுவிட்டது. ஆக, இத்தனை பேர் வந்து பார்த்துப் போவது, கட்டி முடிக்கப்படாத, யாரும் குடும்பம் நடத்தாத ஒரு வீட்டை! குடும்பங்கள் வாழ்கிற நூற்றுக்கணக்கான வீடுகள் அங்கிருந்து சில கிலோமீட்டரில் இருக்கின்றன. அவற்றை யாரும் பார்ப்பதில்லை.

நாம் வெளியூர் போனாலும் இதே கதைதான். பத்து நாளில் முப்பது கோயில் என்று சுற்றுலாவுக்குப் பணம் கட்டுகிறோம். விடியற்காலை ஐந்து மணிக்குப் பெட்டியைக் கட்டுகிறோம். பேருந்தில் தூங்குகிறோம். வீடு திரும்பிய பிறகு, எந்தக் கோபுரம் எந்த ஊரில் பார்த்தது என்று கணவனும் மனைவியும் வாக்குவாதம் செய்கிறோம். செலவு ஐயாயிரம், ஆறாயிரம் வெள்ளி. மனத்தில் நின்றது எவ்வளவு?

இதற்கு மாற்றாக ஒரு வழி இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். உங்கள் வீட்டில் வேறு ஊர்க் குடும்பம் ஒன்று மூன்று வாரம் தங்கட்டும். அவர்கள் வீட்டில் நீங்கள் மூன்று வாரம் தங்குங்கள். வாடகை இல்லை. ஹோட்டல் இல்லை. ஒரே ஊர், ஒரே வீடு, நிதானமான நாட்கள். இதற்கு வீட்டுப் பரிமாற்றம் என்று பெயர்.

ஆசிரியர்கள் தொடங்கி வைத்தது

இது நேற்று முளைத்த இணைய மோகம் அல்ல. 1953-ஆம் ஆண்டிலேயே ஐரோப்பாவில் தொடங்கிவிட்டது. தொடங்கியவர்கள் யார் தெரியுமா? சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து நாடுகளைச் சேர்ந்த ஆசிரியர்கள். காரணம் எளிது. ஆசிரியருக்கு விடுமுறை நீளம், சம்பளம் குட்டை. நாள் இருக்கிறது, ஹோட்டலுக்குப் பணம் இல்லை. ஆனால் வீடு இருக்கிறது. விடுமுறையில் அந்த வீடு சும்மா பூட்டிக் கிடக்கிறது. இரண்டு பூட்டிய வீடுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டால் என்ன என்று யோசித்தார்கள். இன்டர்வேக் என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது. அச்சடித்த பட்டியலைத் தபாலில் அனுப்பி, கடிதம் எழுதி ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

1992-இல் அமெரிக்காவில் எட் குஷின்ஸ் என்பவர் ஹோம் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பைத் தொடங்கினார். பிறகு அது இணையத்துக்கு வந்தது. 2006-இல் 'தி ஹாலிடே' என்ற ஆங்கிலப் படம் வந்தது. இங்கிலாந்துப் பெண்ணும் அமெரிக்கப் பெண்ணும் வீடு மாற்றிக்கொள்வதுதான் கதை. அந்தப் படத்தைப் பார்த்து இதைத் தெரிந்துகொண்டவர்கள் பலர்.

நிதானப் பயணம் என்ற எண்ணத்திற்கு வேறொரு வேர் உண்டு. 1986-இல் ரோம் நகரின் பழைய சதுக்கம் ஒன்றில் மெக்டொனால்ட்ஸ் கடை வந்தபோது, கார்லோ பெட்ரினி என்பவரும் நண்பர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவசர உணவுக்கு எதிராக நிதான உணவு இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. 1999-இல் இத்தாலியின் சில சிறு நகரங்கள் சேர்ந்து, எங்கள் ஊர் நிதானமான ஊராகவே இருக்கும் என்று சிட்டாஸ்லோ என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. உணவு நிதானம், ஊர் நிதானம் என்று வளர்ந்த சிந்தனை பயணத்திற்கும் வந்தது. எத்தனை ஊர் பார்த்தோம் என்பதை விட்டு, ஓர் ஊரில் எவ்வளவு நாள் வாழ்ந்தோம் என்று கேட்பதுதான் நிதானப் பயணம்.

நம் தாத்தாமார்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்கள் ஊருக்குப் போவது கப்பலில். பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பல் ஏறினால் நாகப்பட்டினம், சென்னை என்று போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். 1970-களின் தொடக்கத்தில் ரஜூலா நின்றது. பிறகு சிதம்பரம் கப்பல் ஓடியது. 1985-இல் அதில் தீ விபத்து நேர்ந்த பிறகு அந்தப் பயணமும் முடிந்து போனது. அவ்வளவு பாடுபட்டுப் போனவர் மூன்றாம் நாளே திரும்புவாரா? இரண்டு மாதம், மூன்று மாதம் இருந்துவிட்டுத்தான் வருவார். நடவுக்குப் போய் அறுப்புக்குத் திரும்பியவர்கள் உண்டு.

சாவி என்றால் என்ன

வீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று நான் முதன்முதலில் சொன்னபோது என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "முன்பின் தெரியாதவங்க கையில நம்ம வீட்டுச் சாவியக் கொடுக்கிறதா?"

அந்தக் கேள்வியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். லயத்து வீடு நம்முடையது அல்ல. வேலை இருக்கும் வரை வீடு இருக்கும். வேலை போனால் வீடும் போகும். என் அப்பா வேலை ஓய்வு பெற்ற மாதமே வீட்டைக் காலி செய்து, சாவியைத் தோட்ட ஆபீசில் கிராணியிடம் ஒப்படைத்தார். முப்பத்தைந்து வருடம் வாழ்ந்த வீடு. அன்று அவர் முகத்தை நான் மறக்கவில்லை.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல. 1950-களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கியபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடலில் நம் மக்கள் வேலையையும் கூரையையும் சேர்த்து இழந்தார்கள். அதைத் தடுக்கத்தான் பேராக் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டத் தொழிலாளிகள் சேர்ந்தார்கள். பிறகு தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. மக்கள் தாமான்களுக்கு வந்து, கடன் வாங்கி, சொந்தமாக ஒரு வீடு என்று நிமிர்ந்தார்கள். அந்த வீட்டின் சாவியை இன்னொருவரிடம் கொடு என்றால் நெஞ்சு பதறத்தானே செய்யும்?

ஆகையால் நண்பர்களே, நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அன்று அப்பா சாவியைக் கொடுத்தது வேறு வழி இல்லாமல். இன்று நாம் கொடுப்பது நம் விருப்பத்தால். நாள் குறித்துக் கொடுக்கிறோம், நிபந்தனை சொல்லிக் கொடுக்கிறோம், பதிலுக்கு இன்னொரு சாவியை வாங்கிக்கொண்டு கொடுக்கிறோம். வீடு நமக்குச் சொந்தம் என்பதால்தான் அதை மாற்றிக்கொள்ள முடிகிறது. இதைச் சொன்ன பிறகுதான் என் மனைவி யோசிக்கச் சம்மதித்தார். முடிவெடுக்க மேலும் ஆறு மாதம் ஆனது.

கும்பகோணத்தில் மூன்று வாரம்

நாங்கள் இணைய அமைப்பு எதிலும் சேரவில்லை. நண்பர் ஒருவர் மூலம் கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரும் அவர் துணைவியாரும் அறிமுகமானார்கள். அவர்களுடைய பெரிய தாத்தா ஒருவர் மலாயாவுக்கு வந்தவராம். இந்த நாட்டைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு நெடுநாள் ஆசை. ஆறு மாதம் காணொளி அழைப்பில் பேசினோம். அவர்கள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுவதையும் காட்டினார்கள். நாங்களும் காட்டினோம். குளியலறையின் உடைந்த ஓடு வரை காட்டினோம். இருப்பதை இருப்பதாகச் சொல்லிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம். அங்கிருந்து வாடகைக் காரில் கும்பகோணம். பக்கத்து வீட்டுக்காரர் சாவியோடு காத்திருந்தார். மேசை மேல் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. தண்ணீர் மோட்டார் எப்போது போடுவது, எரிவாயு தீர்ந்தால் யாரைக் கூப்பிடுவது, பால் எத்தனை மணிக்கு வரும், எந்த டாக்டர் பக்கத்தில் இருக்கிறார் என்று எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள்.

முதல் நான்கு நாள் நாங்களும் பழைய பழக்கத்தில் கோயில் கோயிலாக ஓடினோம். ஐந்தாம் நாள் என் மனைவிக்கு முழங்கால் வலி. வீட்டிலேயே இருந்தோம். அன்றுதான் நிதானப் பயணம் எங்களுக்குத் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். கடைத்தெருவில் காய்கறி வாங்கி நாங்களே சமைத்தோம். மாலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்தோம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும் மகாமகம் 2016-இல் நடந்தது, அடுத்தது 2028-இல் என்று படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் விளக்கினார். தாராசுரம் கோயிலுக்கு மூன்று முறை போனோம். யுனெஸ்கோ 2004-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்ற சோழர் கோயில் அது. சுற்றுலாக் குழுவில் போயிருந்தால் நாற்பது நிமிடம் கொடுத்திருப்பார்கள். நாங்கள் ஒரு நாள் காலையில் ஒரு தூணை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

இன்னொரு நாள் நாகப்பட்டினம் போய்க் கடற்கரையில் நின்றோம். என் தாத்தா கப்பல் ஏறிய இடம் அது. பத்து நாள் சுற்றுலாவில் அந்த இடத்திற்கு யார் நேரம் ஒதுக்குவார்கள்?

இரண்டாம் வாரத்தின் முடிவில் காய்கறிக்கார அம்மா என் மனைவியைப் பார்த்து, "என்னம்மா, நேத்து ஆளையே காணோம்?" என்று கேட்டார். மனைவிக்கு வந்த மகிழ்ச்சி எந்தக் கோபுரத்தைப் பார்த்தபோதும் வரவில்லை. நம்மைக் காணவில்லை என்று ஓர் ஊர் கவனிக்கிறது என்றால், அந்த ஊரில் நாம் கொஞ்சமாவது வாழ்ந்திருக்கிறோம்.

அவர்களுக்குப் பத்து காஜாவில் என்ன கிடைத்தது

அரங்கத்தில் ஒரு தம்பி கேட்டார். "ஐயா, கும்பகோணம் கோயில் நகரம். பத்து காஜா தாமான் வீட்டுக்கு யார் வருவார்கள்?" நியாயமான கேள்வி. கும்பகோணம் தம்பதியர் தொலைபேசியில் சொன்னதையே பதிலாகச் சொல்கிறேன்.

முதல் நாள் பக்கத்து வீட்டுச் சீன அம்மா கோப்பி, பலகாரத்தோடு வந்துவிட்டார். காலைச் சந்தையை அவர்களுக்குக் காட்டியவரும் அவர்தான். இவர்களுக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் நாலு வார்த்தை தெரியும். அது போதுமானதாக இருந்ததாம். கெல்லி கோட்டைக்கு அவர்களும் போனார்கள். ஆனால் நிதானமாகப் போனதால் அருகில் இருக்கும் மாரியம்மன் கோயிலையும் பார்த்தார்கள். தொழிலாளர்கள் நோயில் விழுந்தபோது அவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் கெல்லி ஸ்மித் கட்டித் தந்த கோயில் என்பார்கள். தெய்வச் சிலைகளின் நடுவே தொப்பி போட்ட வெள்ளைக்காரர் உருவம் ஒன்று நிற்கும். அவர்கள் அதைப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்பிச் சிரித்தார்கள்.

தஞ்சோங் துவாலாங் போகும் வழியில் 1938-இல் கட்டிய பெரிய ஈயக் கப்பல் இருக்கிறது. 1982 வரை ஈயம் அள்ளியது. 4,500 டன் எடை. பழைய ஈயக் குட்டைகளில் இப்போது கொக்கும் நாரையும் கூடுகின்றன. பாப்பான் பட்டணம் பக்கத்தில்தான். ஜப்பானியர் காலத்தில் போராளிகளுக்கு இரகசியமாக மருத்துவம் செய்த சிபில் கார்த்திகேசு வாழ்ந்த இடம். பிடிபட்ட பிறகு அவர் சித்திரவதைப்பட்டது எங்கள் பத்து காஜா சிறையில். அவருக்கு ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. 1948-இல் இறந்தார். இதையெல்லாம் கும்பகோணத்துக்காரர்கள் தெரிந்துகொண்டு எங்களிடம் கேள்வி கேட்டார்கள். உள்ளூர்க்காரனான நானே பாப்பானுக்குப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது!

ஈப்போ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்திற்கு ஒரு நாள். இ.டி.எஸ். மின் இரயில் பத்து காஜாவில் நிற்பதால் தலைநகருக்கும் ஒரு நாள். மற்ற நாட்களில் தோசைக்கடை, பசார் மாலாம், நடை. ஒரு நாள் என் நண்பர் அவர்களைப் பழைய தோட்டத்திற்கு அழைத்துப் போனார். லயம் இல்லை. பள்ளிக்கூடம் இடம் மாறிவிட்டது. கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. அந்த அம்மையார் அங்கே விளக்கேற்றிவிட்டு வந்தாராம். அவர்கள் பெரிய தாத்தா எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது. இப்படி ஓர் இடத்தில்தான் இருந்திருப்பார் என்ற ஆறுதல் கிடைத்தது என்றார்.

கணக்கு எப்படி

இப்போது பணக் கணக்குக்கு வருவோம். உதாரணத்திற்காக ஹோட்டல் அறை ஓர் இரவுக்கு 120 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 21 இரவுக்கு 2,520 வெள்ளி. இருவருக்கு வெளிச்சாப்பாடு நாளுக்கு 60 வெள்ளி என்றால் 1,260. மொத்தம் 3,780. வீடு மாற்றிக்கொண்டால் தங்கும் செலவு இல்லை. சமைத்துச் சாப்பிட்டால் நாளுக்கு 25 வெள்ளி, மொத்தம் 525. ஆக, மிச்சம் 3,255 வெள்ளி. விமானக் கட்டணமும் விசாச் செலவும் இரண்டுக்கும் ஒன்றுதான். தங்கும் நாள் கூடக் கூட, அந்த விமானக் கட்டணம் நாள் கணக்கில் குறைந்துகொண்டே வரும். ஓய்வூதியக்காரருக்கு இது சின்னத் தொகை அல்ல.

"இதற்குச் சொந்தக்காரர் வீட்டிலேயே தங்கிவிடலாமே?" என்று ஒரு சகோதரி கேட்டார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. மூன்று வாரம் தங்கினால் அவர்கள் வீட்டு மருமகளுக்குத்தான் சுமை. வீட்டுப் பரிமாற்றத்தில் வீட்டுக்காரரே அங்கே இல்லை. யாரும் யாருக்கும் சுமை இல்லை. நம் நாட்டில் 1995 முதல் நடந்து வரும் ஹோம்ஸ்டே திட்டத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாடும் அதுவே. ஹோம்ஸ்டேயில் வீட்டுக் குடும்பம் உடன் இருக்கும், கட்டணமும் உண்டு.

"வீட்டை நாள் வாடகைக்கு விட்டுப் பணம் பார்க்கலாமே?" என்றார் இன்னொருவர். விடலாம். அது வணிகம், அதன் விதிகள் வேறு. ஆனால் ஊரெல்லாம் அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயினின் பார்சிலோனா நகரம் சாட்சி. சுற்றுப்பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதில் வீடுகள் போய், உள்ளூர்க்காரர்களுக்கு வாடகை எட்டாத உயரத்திற்குப் போனது. பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட சுற்றுலா அடுக்ககங்களின் உரிமத்தை 2028-க்குள் முடித்துவிடப் போவதாக அந்நகர நிர்வாகம் 2024-இல் அறிவித்தது. வீட்டுப் பரிமாற்றத்தில் ஒரு குடும்பம் வெளியேறி ஒரு குடும்பம் நுழைகிறது. குடியிருக்கும் வீடு ஒன்றுகூடக் குறைவதில்லை.

இருவருக்கும் ஒரே நாட்கள் ஒத்து வராவிட்டால்? அதற்கும் வழி உண்டு. இந்த ஆண்டு அவர்கள் வரட்டும், அடுத்த ஆண்டு நாம் போகலாம். இணைய அமைப்புகளில் புள்ளிக் கணக்கும் உண்டு. உங்கள் வீட்டில் ஒருவர் தங்கினால் உங்களுக்குப் புள்ளி சேரும். அதை வேறொருவர் வீட்டில், வேறொரு நாட்டில் செலவழிக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் உங்களுக்கு உண்மையானவன் ஆகமாட்டேன். எங்கள் வீட்டில் கண்ணாடி அலமாரியின் கதவு ஒன்று விரிசல் விட்டது. அவர்கள் மறைக்கவில்லை. அன்றே படம் எடுத்து அனுப்பி, செலவுக்குப் பணமும் வைத்துவிட்டுப் போனார்கள். முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததால் தர்மசங்கடம் இல்லாமல் முடிந்தது. எனவே சில காரியங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, எழுத்தில் ஒப்பந்தம். எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எத்தனை பேர், மின்சாரக் கட்டணம் யார் பொறுப்பு, ஏதாவது உடைந்தால் என்ன, பயணம் திடீரென்று ரத்தானால் என்ன என்று இருவரும் எழுதிக் கையெழுத்திடுங்கள். உறவுக்காரர் என்றாலும் எழுதுங்கள்.

இரண்டாவது, ஆளைத் தெரிந்துகொள்வது. ஒரு முறை அல்ல, பல முறை முகம் பார்த்துப் பேசுங்கள். வீட்டை நேரலையில் காட்டச் சொல்லுங்கள். அவர்களைத் தெரிந்த இருவரிடமாவது விசாரியுங்கள். பார்க்காத வீட்டிற்கு முன்பணம் அனுப்பு என்று யாராவது கேட்டால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏமாற்றுக்காரர்களின் வழி அதுதான்.

மூன்றாவது, வீடு உங்களுடையதா என்ற கேள்வி. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். அரசாங்க மலிவு வாடகை அடுக்ககத்தில் இருப்பவர்கள் வீட்டைப் பிறரிடம் விட எண்ணக்கூடாது. கொண்டோமினியம் என்றால் நிர்வாகத்திடம் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். வீட்டில் வேறொருவர் தங்கும்போது எது காக்கப்படும், எது காக்கப்படாது என்று தெரிந்துகொள்ளுங்கள். காரை மாற்றிக்கொள்வது தனி விஷயம். காப்புறுதி தெளிவாக இல்லாவிட்டால் சாவியைப் பூட்டி வையுங்கள்.

நான்காவது, குடிநுழைவு விதிகள். மலேசியர் இந்தியா போக விசா வேண்டும், மின்விசா இணையத்தில் எடுக்கலாம். இந்தியாவில் வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் 24 மணி நேரத்திற்குள் வெளிநாட்டவர் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். வீட்டுக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம், நீங்களே நினைவூட்டுங்கள். இந்தியர்கள் இங்கு வர 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா விலக்கு உண்டு. அது 2026 இறுதி வரை என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் வருவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். விதிகள் மாறும். டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு முறை சரிபாருங்கள்.

ஐந்தாவது, வீட்டு முறை. நகையை வங்கியில் வையுங்கள். கிராண்ட், வங்கிப் புத்தகம் போன்றவற்றை ஓர் அறையில் பூட்டுங்கள். ஓர் அறையைப் பூட்டி வைப்பது அவமரியாதை அல்ல, இருவருக்கும் நிம்மதி. பூசை அறையில் யார் விளக்கேற்றுவது, அடுப்பில் அசைவம் சமைக்கலாமா, நாய்க்கு யார் சோறு வைப்பது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் புதுமுகத்தைப் பார்த்துப் போலீசுக்குப் போன் போட்டுவிடுவார்கள்!

முதல் படி

எடுத்த எடுப்பில் கடல் கடக்க வேண்டியதில்லை. முதல் பரிமாற்றம் உள்நாட்டிலேயே இருக்கட்டும். பத்து காஜாக்காரர் பினாங்கில் ஒரு வாரம், பினாங்குக்காரர் பத்து காஜாவில் ஒரு வாரம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு செய்யலாம். தெரிந்தவர்களோடு தொடங்குங்கள்.

நம் முன்னாள் மாணவர் சங்கங்கள், கோயில் பொறுப்பாளர்கள், கூட்டுறவுச் சங்கங்கள் நினைத்தால் ஒரு பதிவேடு வைக்கலாம். யார் வீட்டில் எத்தனை அறை, எந்த மாதம் காலி, எந்த ஊருக்குப் போக ஆசை என்று எழுதி வைத்தால் போதும். ஒருவரை ஒருவர் தெரிந்த வட்டத்தில் நம்பிக்கை எளிதாக வரும். மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிய சமுதாயத்திற்கு ஒரு பதிவேடு வைப்பது கடினமா?

எங்கள் ஊரில் பிள்ளைகள் தலைநகருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, பெற்றோர் மட்டும் மூன்று அறை வீட்டில் இருக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. இரண்டு அறை பூட்டியே கிடக்கிறது. எங்கும் போக முடியாது, வசதி இல்லை என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். வசதி உங்கள் தலைக்கு மேலே கூரையாக இருக்கிறது.

நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் கோலம் போட்டிருந்தது. மேசை மேல் சாவியும் ஒரு கடிதமும் இருந்தன. என் மனைவி சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு கேட்டார்: "அடுத்தது யாழ்ப்பாணத்துல யாரையாவது தெரியுமா உங்களுக்கு?"

உங்களில் யாருக்காவது தெரிந்தால் நிகழ்ச்சி முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.